பழைய மோட்டார்க் கழகங்களின் தோற்றமும் மலைநாட்டுப் பட்டறைகளும்

மோட்டார் வாகனம் ஒன்று எப்பொழுது வெறும் பழைய பொருளாகவும், எப்பொழுது பேணத்தக்க வரலாற்றுப் பொருளாகவும் கொள்ளப்படுகின்றது? இவ்வினாவுக்கு விதி வகுத்து விடைகூற முற்பட்டோருள் இங்கிலாந்தின் மோட்டார்க் கழகத்தார் முக்கியமானவர்கள். அவர்கள் வகுத்த விதிகள் பின்னர் உலகெங்கும் பரவின. எனினும், மாத்தளை போன்ற ஒரு மலைநாட்டு மாவட்டத்தில் பழைய கார்கள் பிழைத்த வரலாற்றை அவ்விதிகளைக் கொண்டு மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது.

1896ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், மோட்டார் வண்டிகளின் வேகக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய சட்டத்தைக் கொண்டாடும் பொருட்டு இலண்டனிலிருந்து பிறைற்றன் நகர்வரை ஓர் ஓட்டம் நிகழ்ந்தது. 1927இல் அது மீள நடத்தப்பட்டது. முப்பது ஆண்டு கடந்த வண்டிகள் அக்காலத்தில் பெரும்பாலோர்க்கு நகைப்புக்குரியனவே. ஓட்டமும் ஒருவகை வேடிக்கையாகவே தொடங்கிற்று. 1930ஆம் ஆண்டு ஓட்டத்தையொட்டி, பிறைற்றனிலுள்ள ஓல்ட் ஷிப் விடுதியில் டேவிஸ், மாஸ்ரர்ஸ், வைலி என்னும் மூவர் கூடி வெற்றறன் கார் கழகத்தை நிறுவினர். இவர்களுள் டேவிஸ் 1927இல் லெ மான் பந்தயத்தில் பென்ற்லி வண்டி ஓட்டி வென்றவர். வேகத்தின் சுவையறிந்த ஒருவரே மந்தகதி வண்டிகளின் காவலராக மாறியமை சுவையான செய்தி.

இக்கழகத்தின் பணிகளுள் ஊர்வலத்தைக் காட்டிலும் காலக்கணிப்பே சிறந்தது. வண்டியின் சட்டக இலக்கம், இயந்திர இலக்கம், உறுப்புகளின் அமைப்பு ஆகியவற்றை ஆராய்ந்து அதன் ஆண்டை நிறுவிச் சான்றிதழ் வழங்கும் முறையை அது வளர்த்தது. ஆண்டு குறிக்கப்படாத கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதி கொண்டு துணியும் சாசனவியலாளரின் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு அதிகமில்லை.

1934இல் தோன்றிய வின்ரேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கழகத்தின் மனப்பாங்கு சற்று வேறானது. உலகப் பொருளாதார மந்தத்தின் பின்னர் வெளிவந்த மலிவான புதிய கார்கள் தரத்திற் குறைந்தவை என்பது அதன் நிறுவனர்களின் கருத்து. பெருஞ்செல்வரல்லாத ஓட்டுநர்க்கென அமைந்த அக்கழகம், 1930ஆம் ஆண்டின் முடிவைத் தன் எல்லைக்கோடாக வரித்துக்கொண்டது. ஆக, கடைகளிற் புதிய கார்கள் நிறைந்திருந்தபோது பழையதை விரும்பித் தெரிந்தமையே இங்கிலாந்தின் கழகங்களுக்கு வித்தாயிற்று.

இலங்கையின் நிலை இதற்கு மறுதலை. 1904இல் இங்கு அமைந்த மோட்டார்க் கழகம் புதிய கார்களுக்கு உரியோரின் கழகம். கார் அன்று தோட்டத்துரை, உயர் அதிகாரி, பெருவணிகர் ஆகியோரின் உடைமை. மாத்தளைக்குப் புகைவண்டி 1880இலேயே வந்துவிட்டது. ஆயினும் இரும்புப் பாதை எட்டாத கொக்கோ, றப்பர், தேயிலைத் தோட்டங்களைத் துரையின் கார் எட்டியது. மன்னாரிலிருந்து காடு கடந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த தொழிலாளர் பரம்பரையினர்க்கோ, அக்கார் விலகி நின்று பார்ப்பதற்குரிய ஒன்றாகவே நெடுங்காலம் இருந்தது. அவர்தம் பிள்ளைகளுட் சிலர் அதன் சாரதியாகவோ துடைப்பவராகவோ அதனை அணுகினர்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பொருளாதாரத் திறப்பு வரை நிலைமை பெரிதும் மாறவில்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, பேஜோ 203 முதலியன பழம்பெருமைக்காகவன்றி, வேறு வழியின்மையாலேயே ஓடிக்கொண்டிருந்தன. உதிரிப்பாகம் கிடைக்காதவிடத்து அதனைச் செய்தே தீரவேண்டும். கராஜிலிருந்த ‘பாஸ்’ தேய்ந்த புஷ்ஷைக் கடைச்சற் பொறியிற் புதிதாய்க் கடைந்தார். முறிந்த வில்லைத் தகட்டுக்கு வேறொரு வண்டியின் தகட்டை வெட்டிப் பொருத்தினார். தக்கைத் தாளைக் கத்தரித்து அடைப்பிதழ் செய்தார். பலகடுவை ஏற்றத்தையும் இறத்தோட்டைக்கு அப்பாலுள்ள மலைவளைவுகளையும் நாள்தோறும் கடக்கவேண்டிய வண்டிக்குப் பிறேக்கின் உறுதி ஆடம்பரமன்று, உயிர்ப்பிரச்சினை.

இங்கேதான் கழக விதியும் வரலாற்று நோக்கும் முரண்படுகின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்த மூல உறுப்புகளே உயர்ந்தவை என்பது போட்டி நடுவரின் அளவுகோல். அதன்படி, வேற்று வண்டியின் உறுப்புத் தாங்கிய மலைநாட்டு மொறிஸ் மைனர் புள்ளி இழக்கும். வரலாற்று மாணவனுக்கோ அவ்வேற்று உறுப்பே முதன்மைச் சான்று: இறக்குமதிக் கொள்கை ஒரு சிற்றூர்ப் பட்டறையில் எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதை அது காட்டுகின்றது. பழுது பார்த்த தடத்தை அழித்துப் புதுமெருகு பூசுவது சில வேளைகளில் ஏட்டைச் சுரண்டி எழுதுவதற்கு ஒப்பாகும்.

இலக்கத்தகடும் இவ்வாறான ஓர் ஆவணமே. ஆங்கில எழுத்துத் தாங்கிய தகடுகளை அடுத்து, 1950களின் பிற்பகுதியில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடுகள் வந்தன. அதனை எதிர்த்துத் தமிழர் 1958இல் நடத்திய போராட்டமும், அதற்கெதிராகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசி அழிக்கப்பட்டமையும், அவ்வாண்டின் இனக்கலவரமும் யாவரும் அறிந்தவை. கண்காட்சித் திடலில் மெருகேறி நிற்கும் கார்களின் தகடுகளை அடுத்தடுத்து நோக்குவோர், தாம் அறியாமலே அவ்வரலாற்றின் இருமருங்கையும் நோக்குகின்றனர்.

1977இன் பின் யப்பானிய வாகனங்கள் பெருகின. பழைய கார்களுட் பல இரும்பு விலைக்குப் போயின. எஞ்சியவற்றைப் பேணும் கழகங்கள் இலங்கையிலும் எழுந்தன. அக்கழகங்கள் இல்லையேல் இன்னும் பல வண்டிகள் அழிந்திருக்கும் என்பதை மறுக்கவியலாது. ஆயினும் உரிமையாளர் சங்கம் என்ற அளவில் அவற்றின் பார்வை உரிமையாளரையே சுற்றி நிற்கின்றது. வாகனப் பதிவுப் புத்தகமும் கைமாறிய உரிமையாளரின் பெயர்களையே வரிசைப்படுத்தும். வண்டியை நாற்பது ஆண்டு ஓடச் செய்தவரின் பெயருக்கு அதில் நிரல் இல்லை. 1960களில் இளைஞராகப் பட்டறை புகுந்தவர்கள் இன்று எண்பதை அண்மியவர்கள். மாத்தளையிலும் இறத்தோட்டையிலும் உக்குவெலையிலும் அத்தகையோரைத் தேடி, எந்த வண்டியின் எந்த உறுப்பை எதனால் செய்தனர் என்று கேட்டு எழுதும் பணி பெரும்பாலும் இனிமேல்தான் தொடங்கவேண்டியுள்ளது.