கணினிக்குள் இருந்த தபால் பெட்டி

இன்றைய பிள்ளைகளிடம் "உன் மெயிலெல்லாம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். போனைக் காட்டுவார்கள், அல்லது ஆகாயத்தைக் காட்டுவார்கள். இரண்டுமே ஒருவகையில் சரிதான். ஆனால் 1990-களின் பின்பாதியில் கணினியைத் தொட்டவர்களுக்கு இதற்கு ஒரே பதில்தான்: "சி டிரைவில், ஒரு ஃபோல்டரில், ஒரு கோப்பில்." அந்தக் கோப்பு எங்கே ஒளிந்திருக்கிறது, எவ்வளவு பெருத்துவிட்டது, வேறு மென்பொருள் அதைப் படிக்குமா என்ற மூன்று கேள்விகளுக்குள் அன்றைய மெயில் கோளாறுகளில் முக்கால்வாசி அடங்கிவிடும். அந்தக் கோப்புகளின் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மோடம் கீச்சுக் குரலில் கத்தி முடித்து இணைப்புக் கிடைத்ததும் டெலிபோன் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். ஆகவே இணைப்பில் இருந்தபடி கடிதம் படிப்பது பணக்காரர் பழக்கம். மற்றவர்கள் டயல் செய்து, வந்ததை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, காபி குடித்துக்கொண்டே படிப்பார்கள். பதில்களை எழுதி அவுட்பாக்ஸில் அடுக்கி வைத்துவிட்டு மறுநாள் ஒரே மூச்சில் அனுப்புவார்கள். இதற்கென்றே அமைந்த ஏற்பாடு பாப் 3. பாப் என்பதன் விரிவிலேயே 'போஸ்ட் ஆபீஸ்' இருக்கிறது. வேலையும் தபாலாபீஸ் வேலைதான். நீங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டால் சர்வர் தன் பிரதியை அழித்துவிடும், அதற்குப் பிறகு பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. 'சர்வரிலும் ஒரு பிரதி விட்டுவை' என்று செட்டிங்ஸில் ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் சர்வரில் ஒதுக்கிய சில மெகாபைட் இடம் நிரம்பி, புது மெயில் திரும்பிப் போகும். டிக் செய்யாவிட்டால் உலகத்திலேயே ஒரே பிரதி உங்கள் ஹார்ட் டிஸ்கில்.

கடிதம் சர்வரிலேயே இருக்கட்டும், எந்த இடத்திலிருந்தும் பார்க்கலாம் என்ற ஐமேப் முறையை மார்க் கிரிஸ்பின் 1986-லேயே ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிவிட்டார். ஆனால் நிமிடக் கணக்கில் போன் பில் கட்டும் வீடுகளுக்கு அது ஒத்துவரவில்லை.

இந்த 'இறக்கிக்கொண்டு படி' காலத்தின் ராஜா யூடோரா. இலினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988-ல் எழுதியது. தபாலாபீஸிலேயே போய்க் குடியிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி யூடோரா வெல்ட்டி என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். அந்த நினைவில்தான் டார்னர் இந்தப் பெயரை வைத்தார். பிறகு குவால்காம் நிறுவனம் இதை எடுத்து நடத்தியது. இலவசப் பதிப்பும் இருந்ததால் நம் ஊர்க் கணினிகளிலும் ஏராளமாகக் குடியேறியது.

யூடோராவின் பெரிய குணம் அதன் எளிமை. இன்பாக்ஸ் என்றால் ஒரு கோப்பு. அதில் கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறும் எழுத்தாகவே இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணைக் கோப்பு. அட்டவணை கெட்டுப்போனால் மூலத்தைப் பார்த்து மறுபடி கட்டிக்கொள்ளும். இணைப்பாக வரும் படங்கள் 'அட்டாச்' என்ற தனி ஃபோல்டருக்குப் போய்விடும். முகவரிப் பட்டியலும் ஒரு டெக்ஸ்ட் கோப்புதான்.

அந்த எளிமையின் அருமையை நான் நேரில் பார்த்தது சில வருடங்களுக்கு முன். காலமாகிவிட்ட என் அலுவலக நண்பரின் மனைவி ஒரு சி.டி.யைக் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணா, இதுல அவர் லெட்டர் ஏதாவது இருக்கான்னு பாருங்களேன்" என்றார். யூடோரா ஃபோல்டரை நண்பர் அப்படியே நகலெடுத்து வைத்திருந்தார். யூடோரா என் கணினியில் இல்லை, தேவையும் படவில்லை. நோட்பேடில் திறந்தேன். ஆங்கிலக் கடிதங்கள் பளிச்சென்று வந்தன. வெளிநாட்டில் இருந்த தம்பிக்கு எழுதியவை மட்டும் கொம்பும் குறியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக, ஒன்றும் புரியாத கோலமாக இருந்தன. அவை தமிழ் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இது ஏன் என்று சொல்ல வேண்டும். அன்றைய பெரும்பாலான கணினிகளில் யூனிகோடு தமிழ் வராது. 90-களின் கடைசியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து 'திஸ்கி' என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். மொத்தம் 256 இடங்களில் முதல் 128 ஆங்கிலத்துக்கு, மேல்பாதி தமிழுக்கு. ஐரோப்பிய எழுத்துகள் உட்காரும் நாற்காலிகளில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்த வித்தை அது. மெயில் மென்பொருளுக்கு இது தெரியாது, பிரெஞ்சு என்றோ ஜெர்மன் என்றோ நினைத்துக்கொள்ளும். எழுத்துருவை மட்டும் திஸ்கி எழுத்துருவாக மாற்றிவிட்டால் கோலம் தமிழாகிவிடும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்று வேறு இரண்டு குறியீடுகளும் வந்தன. அப்புறம் "எந்த ஃபான்ட்?" என்று கேட்காமல் யாரும் யாருக்கும் தமிழில் கடிதம் எழுத முடியவில்லை. நண்பரின் கடிதங்களை என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றி, அச்செடுத்துக் கொடுத்தேன். பெரும்பாலும் வீட்டு வரி, மாமனாரின் சர்க்கரை, மாங்காய் விலை. அந்த அம்மாள் பைண்டு செய்து வைத்திருக்கிறார்.

யூடோராவை மீறி நம் வீடுகளைப் பிடித்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். 1997-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 உடன் இலவசமாக வந்தது. காசு கொடுத்து வாங்கும் ஆபீஸ் தொகுப்பில் இருந்த அவுட்லுக் வேறு, இது வேறு. பெயரில் மட்டும் அண்ணன் தம்பி, கோப்பு முறையில் எந்த உறவும் கிடையாது.

எக்ஸ்பிரஸ், ஃபோல்டருக்கு ஒன்றாக டிபிஎக்ஸ் கோப்பு வைத்தது. அதுவும் விண்டோஸ் மறைத்து வைக்கும் ஆழமான ஒரு ஃபோல்டருக்குள். 'மை டாக்குமென்ட்ஸ்' மட்டும் பேக்கப் எடுத்தவர்களுக்கு மெயில் வராமல் போனது இதனால்தான். இன்னொன்று, நீங்கள் கடிதத்தை அழித்தாலும் கோப்பு சிறுக்காது. இடம் காலி என்று குறி மட்டும் வைக்கும். அந்த ஓட்டைகளை அடைக்க 'காம்பாக்ட்' செய்ய வேண்டும், அதாவது கோப்பு முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். 2004-ல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-க்குப் பின், நூறு தடவை மூடினால் ஒரு தடவை "காம்பாக்ட் செய்யட்டுமா?" என்று கேட்கும். ஓகே கொடுத்துவிட்டுப் பொறுமையின்றி வேறு வேலையில் இறங்கினாலோ, பாதியில் கரண்ட் போனாலோ அந்த ஃபோல்டர் சிதைந்துபோகும் அபாயம் உண்டு. மின்வெட்டு ஊரில் இது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு பாருங்கள்! கோப்பு 2 ஜி.பி.யை நெருங்கினாலும் ஆபத்து.

அவுட்லுக்கிலும் அதே 2 ஜி.பி. சுவர். மெயில், நாள்காட்டி, முகவரி எல்லாவற்றையும் ஒரே பிஎஸ்டி கோப்பில் திணித்தது வசதிதான். ஆனால் 2002 பதிப்பு வரை அந்தக் கோப்பு 2 ஜி.பி.யைத் தொட்டால் திறக்க மறுத்துவிடும். அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்த மருந்து ஒரு கத்தரி: கோப்பின் வாலில் இத்தனை எம்.பி. என்று வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற கருவியால் தைக்க வேண்டும். வெட்டிய பகுதியில் எந்தக் கடிதம் போகும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. 2003 பதிப்பில் எல்லை 20 ஜி.பி. ஆனது, 2010-ல் 50. அந்த 2010-லேயே பிஎஸ்டியின் உள்ளமைப்பையும் வெளியிட்டார்கள். பதின்மூன்று வருடம் கழித்து! ஒரு மனிதரின் கடிதங்களை வைத்திருக்கும் பெட்டிக்கு அளவு எல்லை இருக்கலாம், திறக்கும் முறை ரகசியமாக இருக்கலாமா? எனக்கு இதில் இன்றும் சமாதானம் இல்லை.

முகவரிகளின் கதை இதைவிட வேடிக்கை. 'டு' கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்ததும் பெயர் தானாக வந்து நிற்குமே, அது கான்டாக்ட்ஸ் பட்டியலிலிருந்து வருகிறது என்றே எல்லோரும் நம்பினார்கள். இல்லை. அவுட்லுக் 2007 வரை அது என்கே2 என்ற தனிக் கோப்பு. கான்டாக்ட்ஸில் ஒருவரையும் சேர்க்காமல், வருடக்கணக்கில் அந்தப் பட்டியலை வைத்தே காலம் தள்ளியவர்கள், கணினி மாற்றிய அன்று ஒரு முகவரியும் இல்லாமல் நின்றார்கள். எக்ஸ்பிரஸ் முகவரிகள் வேப் என்ற வேறொரு கோப்பில். தண்டர்பேர்ட் 1.0, 2004 டிசம்பரில் வந்தபோது கடிதங்களை யூடோரா போலவே வெறும் எழுத்தாக வைத்தது. முகவரிகளை மட்டும் நெட்ஸ்கேப்பிலிருந்து வந்த 'மார்க்' என்ற விசித்திர வடிவில் வைத்தது. அதைக் கைவிட 2020 ஆயிற்று.

இத்தனைக்கும் பொது வடிவம் ஒன்று முன்பே இருந்தது. ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் சேர்ந்து 1990-களின் நடுவிலேயே கொண்டுவந்த விகார்ட் அது. உங்கள் போனில் இன்றும் 'கான்டாக்டைப் பகிர்' என்றால் போவது பெரும்பாலும் அதுதான்.

2004 ஏப்ரலில் ஜிமெயில் 1 ஜி.பி. இடம் தருகிறேன் என்றதும் கோப்புக் கவலை பலருக்குத் தீர்ந்தது. யூடோராவின் வளர்ச்சியை நிறுத்துவதாக 2006-ல் அறிவித்தார்கள். யூனிகோடை அது கடைசிவரை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவே இல்லை. 2018-ல் அதன் மூல நிரலை கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது.

பரணில் பழைய சி.பி.யு. அல்லது ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன், டிபிஎக்ஸ், பிஎஸ்டி, எம்பிஎக்ஸ், வேப், என்கே2 என்று முடியும் பெயர்களைத் தேடுங்கள். மறைந்த கோப்புகளையும் காட்டும்படி விண்டோஸில் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். கிடைத்த ஃபோல்டரை அப்படியே இரண்டு பிரதி எடுங்கள், மூலத்தில் எந்தச் சோதனையும் வேண்டாம். எம்பிஎக்ஸ் என்றால் நோட்பேடே போதும். டிபிஎக்ஸ் கொஞ்சம் பிடிவாதக்காரன். அதை இறக்குமதி செய்துகொள்ளும் விஸ்டா கால விண்டோஸ் மெயில் உள்ள பழைய லேப்டாப் யாரிடமாவது இருந்தால் பிடியுங்கள். அது கடிதத்துக்கு ஒரு கோப்பாக, எங்கும் திறக்கக்கூடிய வடிவில் பிரித்து வைத்துவிடும். தமிழ்க் கடிதங்கள் கோலமாகத் தெரிந்தால் பயந்து அழித்துவிடாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.