முதல் திருப்பலி நடந்த தீவு எது?



நமது சபா மாநிலத்திற்கு வடகிழக்கே கடலைக் கடந்தால் பிலிப்பைன்ஸ் நாடு. ஆயிரக்கணக்கான தீவுகளைக் கொண்ட அந்நாட்டின் மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கச் சமயத்தைச் சேர்ந்தவர்கள். நம் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ‘பூசை’ என்று சொல்கின்ற திருப்பலி அந்நாட்டு மண்ணில் முதன்முதலில் எங்கே நடந்தது? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் நூறாண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் இதைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள். இரண்டு ஊர்கள் இந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடின. ஒன்று, லெய்ட்டே தீவின் தென்கோடிக்கு அப்பால் கடலில் கிடக்கும் லிமசாவா என்னும் சிறு தீவு. மற்றொன்று, மிண்டனாவோ என்னும் பெருந்தீவின் வடகரையில், அகுசான் ஆற்றோரம் அமைந்த புத்துவான் நகரம்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். மகெல்லன் போர்ச்சுகல் நாட்டில் பிறந்தவர். ஸ்பெயின் மன்னருக்குப் பணி செய்தவர். 1519ஆம் ஆண்டில் ஐந்து கப்பல்களோடு புறப்பட்ட அவர், 1521 மார்ச்சு மாதம் மூன்று கப்பல்களோடு இத்தீவுகளை வந்தடைந்தார். அவரோடு என்ரிக்கே என்ற அடிமையும் இருந்தார். 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய காலத்தில் மகெல்லனிடம் வந்து சேர்ந்தவர் அவர். மார்ச்சு 28ஆம் நாள் எட்டுப் பேர் ஏறிவந்த சிறு படகு ஒன்று கப்பலை நெருங்கியது. என்ரிக்கே தமக்குத் தெரிந்த மலாய் மொழியில் குரல் கொடுத்தார். வந்தவர்களுக்கு அது விளங்கியது! நாம் அன்றாடம் கடைத்தெருவில் பேசும் மலாய், அன்றே இத்தீவுகள் எங்கும் வணிக மொழியாக வழங்கியது என்பதற்கு இது நல்ல சான்றன்றோ?

அந்தத் தீவில் கப்பல்கள் ஏழு நாள் தங்கின. மார்ச்சு 31ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு. பெத்ரோ தெ வால்தெராமா என்ற குரு கரையிலே பூசை வைத்தார். கொலாம்பு, சியாகு என்னும் இரு சிற்றரசர்களும் வந்து சிலுவையை முத்தமிட்டு, முழந்தாளிட்டுக் கைகூப்பி நின்றனர். கப்பல்களில் பீரங்கிகள் முழங்கின. அன்று பிற்பகல், அங்கிருந்த உயரமான மலையின் மேல் ஒரு சிலுவையை நட்டனர்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அந்தோனியோ பிகாபெத்தா என்ற இத்தாலியர் கப்பலிலே உடன் வந்தவர். கண்ணால் கண்டதைக் குறித்து வைத்தவர். திருப்பலி நடந்த தீவின் பெயரை அவர் ‘மசாவா’ என்று எழுதினார். அந்த மசாவா எது என்பதில்தான் வழக்கு மூண்டது.

பிகாபெத்தாவின் முழு ஏடு நீண்ட காலம் உலகத்தார் கண்ணில் படவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் அச்சான சுருக்கம் ஒன்றில், மசாவா என்றிருக்க வேண்டிய இடத்தில் புத்துவான் என்ற பெயர் புகுந்துவிட்டது. 1663இல் வெளியான நூலில் இயேசு சபைக் குருவான பிரான்சிஸ்கோ கோலின் முதல் திருப்பலி புத்துவானில் நடந்ததாக எழுதினார். பின்வந்தவர்கள் அதையே வழிமொழிந்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுத, அது ஊர் மரபாகவே நிலைத்துவிட்டது. 1872இல் அகுசான் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பினார்கள். முதல் திருப்பலி 1521 ஏப்ரல் 8ஆம் நாள் அங்கே நடந்தது என்று அதில் பொறித்தார்கள். ஆனால் ஏப்ரல் 8ஆம் நாள் மகெல்லனின் கப்பல்கள் செபுத் தீவில் நின்றன! கல்லில் வெட்டிய எழுத்தும் தவறலாம் என்பதை இதனால் அறிகிறோம்.

1800ஆம் ஆண்டில் மிலான் நகர நூலகத்து ஏட்டைக் கண்டெடுத்து அச்சிட்டார் அமொரெத்தி என்ற அறிஞர். அதன் பிறகு கருத்து மெல்ல மாறத் தொடங்கியது. கோலினின் நூலை 1900ஆம் ஆண்டு முதல் மீண்டும் பதிப்பித்த பாஸ்தெல்ஸ் என்ற குரு, முன்பு ஊர் மரபை ஏற்றவர்தான். பிகாபெத்தாவையும், கப்பலோட்டியான அல்போவின் குறிப்பேட்டையும் ஊன்றிப் படித்தபின், திருப்பலி நடந்த இடம் லிமசாவாவே என்று எழுதினார். 1960இல் பிலிப்பைன்ஸ் சட்டமன்றம் லிமசாவாவிலுள்ள இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தது.

புத்துவான் மக்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களும் தள்ளத்தக்கவை அல்ல. புத்துவானிலே ‘மசாவ்’ என்றொரு இடம் இன்றும் இருக்கிறது. மசாவா என்ற பெயர் அதுதான் என்றார்கள். பிகாபெத்தா கண்ட அரசர்கள் பொன் அணிந்திருந்தனர். புத்துவான் பகுதியோ பழங்காலம் தொட்டுப் பொன்னுக்குப் பெயர்போனது. 1976 முதல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து ‘பலங்காய்’ என்னும் பழைய மரப்படகுகள் வெளிப்பட்டன. அரசர்கள் ஏறிவந்த படகுக்குப் பிகாபெத்தா சொல்லும் பெயரும் அதுவே.

நிலக்கணக்கும் ஒரே பக்கம் சாயவில்லை. லிமசாவா வட அகலக்கோடு 10 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. புத்துவான் 9 பாகைக்குச் சற்றுக் கீழே. பிகாபெத்தா எழுதியது 9 பாகையும் மூன்றில் இரண்டு பங்கும். இது லிமசாவாவை ஒட்டியது. அல்போ எழுதியதோ 9 பாகையும் மூன்றில் ஒரு பங்கும். இது புத்துவானைச் சற்றே நெருங்குகிறது. அக்காலக் கருவிகள் துல்லியமானவை அல்ல. ஆகவே எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பின் எதை வைத்துத் தீர்ப்பது? சாட்சி சொன்ன மற்றச் செய்திகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். பிகாபெத்தா சொல்வது ஒரு தீவை. புத்துவானோ ஆற்றங்கரை நகரம். ஏழு நாள் தங்கியவர் அகுசான் போன்ற பேராற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிலுவை நட்ட மலையிலிருந்து மேற்கிலும் தென்மேற்கிலும் மூன்று தீவுகளைக் காட்டினார்கள் என்று அல்போ குறிக்கிறார். புத்துவானுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் இருப்பது பெருநிலம்.

எல்லாவற்றிலும் வலுவான சான்று வேறொன்று. சியாகுவின் நாட்டுக்குப் பெயரே புத்துவான் என்று பிகாபெத்தா எழுதுகிறார். அவ்விரு அரசர்களும் ஒருவரை ஒருவர் காண விரும்பினால், நாங்கள் தங்கிய இத்தீவுக்கு வேட்டையாட வருவார்கள் என்றும் சொல்கிறார். புத்துவான் அரசர் மசாவாவுக்கு விருந்தாளியாக வந்தார் என்றால், மசாவாவும் புத்துவானும் ஒன்றாக இருக்க முடியுமா? 1565இல் வந்த லெகாஸ்பியின் கப்பல்களும் லிமசாவாவுக்கும் புத்துவானுக்கும் தனித்தனியே சென்றன.

1981இல் மிகெல் பெர்னாட் என்ற இயேசு சபைக் குரு இந்தச் சான்றுகளை எல்லாம் வரிசைப்படுத்தி விரிவாக எழுதினார். ஆயினும் வழக்கு ஓயவில்லை. அரசின் வரலாற்று நிறுவனம் முன்னாள் நீதிபதி கன்காய்கோ தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1998இல் அக்குழு லிமசாவா என்றது. அடுத்து ஒரு குழு ஆராய்ந்தது; அதுவும் அவ்வாறே சொன்னது. 2018இல் ரெசில் மொஹாரெஸ் தலைமையில் மற்றொரு குழு அமைந்தது. அதன் முடிவை ஏற்று 2020இல் வரலாற்று ஆணையம் லிமசாவாவையே மீண்டும் உறுதி செய்தது. 2021இல் ஐந்நூறாம் ஆண்டு நினைவைக் கொண்டாடினார்கள்.

இதனால் புத்துவானின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. வெள்ளைக்காரர் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பிய ஊர் அது. பலங்காய்ப் படகுகள் அதன் கடலோடிகளின் திறமைக்குச் சான்று. பிறர் வந்து பூசை வைத்த நாளிலிருந்து அதன் வரலாற்றை எண்ணத் தேவையில்லை.

நேயர்களே, இந்த வழக்கு கடல் கடந்த நாட்டு வழக்குத்தானே என்று நாம் விட்டுவிட வேண்டாம். தோட்டத்தில் சம்பளத் தகராறு வந்தால் என்ன செய்வோம்? மூன்று மாதம் கழித்து ஒருவர் சொல்வதைக் காட்டிலும், அன்றன்று கிராணியார் பெயர் பதிந்த செக்ரோல் புத்தகத்தைத்தானே கேட்போம்! அந்தப் புத்தகத்திலும் பிழை இருக்கலாம். அப்போது உடன் வேலை செய்தவர்களை விசாரிப்போம். லிமசாவா வழக்கில் அறிஞர்கள் செய்ததும் இதுவே.

நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பெயரே தெரியாமல் மறைந்துவிட்டன. முதல் கோயிலை எழுப்பியவர் யார்? தமிழ்ப் பள்ளிக்கு முதல் கூரை வேய்ந்தவர் யார்? இவற்றை அறிந்த பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். மசாவாவில் நடந்தது ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தெரிவதற்குக் காரணம், ஒரு பயணி அன்றன்று எழுதி வைத்ததுதான். உங்கள் வீட்டில் படிக்கும் பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். தாத்தா பாட்டி சொல்வதை, ஆண்டோடும் ஊர்ப் பெயரோடும், யார் சொன்னது என்பதோடும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் நம்மைப் பற்றி ஒரு வழக்கு எழுந்தால், சாட்சி சொல்ல அந்த ஏடு இருக்கும்.