அமோக்: ஒரு சொல்லின் வரலாறும் சினத்தின் உளவியலும்



மலாய் மொழி உலக மொழிகளுக்கு வழங்கிய சொற்களுள் சில காட்டையும் விலங்கையும் இசைக்கருவியையும் குறிப்பன. ஒரு சொல் மட்டும் மனித உள்ளத்தின் மிகக் கொடிய நிலை ஒன்றைக் குறிப்பது. அது 'அமோக்' என்பது. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அதனைத் தம் சொல் போலவே ஆள்கின்றனர். மனிதன் ஏன் பிறரைத் தாக்குகிறான் என்னும் வினாவுக்கு உளவியலார் கூறிய விடைகளை இச்சொல்லின் வரலாற்றோடு இணைத்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம். நான் உளவியல் அறிஞன் அல்லேன், மொழியியல் கற்றவன். எனினும் ஒரு சொல் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்று பார்த்தால், அச்சொல் குறித்த பொருளைப் பற்றி மனிதர் என்ன எண்ணினர் என்பதும் உடன் விளங்கும்.

சொல்லின் பிறப்பு

மலாயில் 'அமோக்' என்பது அடிச்சொல். 'மெங்ஙாமோக்' என்பது வினை. உயிரைப் பொருட்படுத்தாது பாய்ந்து தாக்குதல் என்பது அதன் பழம்பொருள். பழைய மலாய்க் கதைகளில் போர்க்களத்து வீரர் பகைவர்மீது பாய்வதற்கும் இவ்வினையே வழங்கியது. 'ஹிக்காயாட் ஹாங் துவா'வில், தன் நண்பன் குற்றமின்றிக் கொல்லப்பட்டான் என்று கருதிய ஹாங் ஜெபாட் அரண்மனையைக் கைப்பற்றி அமோக் கொள்கிறான். அங்கே அச்சொல் நோயையோ பித்தையோ சுட்டவில்லை. அநீதிக்கு எதிராக எழுந்த வீரனின் சீற்றத்தைச் சுட்டியது.

இச்சொல்லுக்குத் தென்னிந்திய மூலம் காட்டவும் சிலர் முயன்றனர். யூல், பர்னெல் என்னும் இருவர் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி, போர் என்னும் பொருளுடைய 'அமர்' என்ற சொல்லிலிருந்து மலையாளத்தில் வந்த வடிவம் ஒன்றையும் எண்ணிப் பார்க்கிறது. 'அமர்' தமிழுக்கும் உரிய சொல்லாதலின் நம்மில் சிலருக்கு மகிழ்ச்சி தோன்றக்கூடும். ஆனால் ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்பு ஆகாது. மலாயோடு உறவுடைய பிற தீவக மொழிகளிலும் இச்சொல்லின் இனச்சொற்கள் உள்ளன. ஆகவே அது அவ்வினத்துக்கே உரிய சொல் எனக் கொள்வதே முறை. பிறர் சொல்லைப் பிறர்க்கே விட்டுக்கொடுப்பதும் மொழியறிவின் ஒரு பகுதியாகும்.

பயணிகள் எழுதியவை

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துக்கீசியர் சாவகத்தார் சிலரைப் பற்றி எழுதினார். கடும் நோயுற்றவர், தாம் பிழைத்தால் இதனினும் பெருமையான சாவைத் தேடுவதாக இறைவனிடம் நேர்ந்துகொள்வர். நலமடைந்தபின் குத்துவாளுடன் தெருவில் இறங்கி எதிர்ப்பட்டாரைக் கொல்வர். மக்கள் 'அமுக்கோ' என்று கூவி ஒருவரையொருவர் எச்சரிப்பர் என்பது அவர் தந்த செய்தி.

ஆங்கிலத்தில் இச்சொல்லைப் பரப்பியவர் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் என்று பலர் எழுதுவர். குக் பத்தாவியாவில் தங்கியது 1770இல். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1672இல், ஆண்ட்ரூ மார்வெல் என்னும் கவிஞர் தம் உரைநூலில் இச்சொல்லை ஆண்டுள்ளார். குக் செய்தது வேறொன்று: அமோக்கின் காரணம் அபின் மயக்கம் என்னும் கருத்தை அவர் நூல் பலரிடம் கொண்டு சேர்த்தது. 1869இல் மலாய்த் தீவுகளைப் பற்றி நூல் வெளியிட்ட ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், மக்காசாரில் கடனாலோ இழிவாலோ நெருக்குண்டவன் தன் வாழ்வை முடித்துக்கொள்ளும் மதிப்புக்குரிய வழியாக இது கருதப்பட்டது என்றார். ஒரே செயலுக்கு நேர்ச்சை, அபின், மானம் என மூன்று காரணங்கள் கூறப்பட்டதை நோக்குக.

பினாங்கு, 1846

இனி, பினாங்கில் 1846ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். வீடு கட்டும் தொழில் செய்த, ஊரார் மதிப்பைப் பெற்ற மலாய்க்காரர் ஒருவர் ஆயுதத்துடன் தெருவில் இறங்கினார். முதிய இந்துப் பெண் ஒருவரும், அக்காலப் பதிவுகள் 'கிளிங்' என்று குறிக்கும் தென்னிந்தியர் ஒருவரும், சீனச் சிறுவன் ஒருவனும், தந்தையின் கையிலிருந்த மூன்று வயதுத் தென்னிந்தியப் பெண்குழந்தை ஒன்றும் உயிரிழந்தனர். காயமுற்றவரிலும் பலர் பிழைக்கவில்லை.

வழக்கில் வெளிப்பட்ட செய்திகள் உள்ளத்தை உலுக்குவன. அவருடைய மனைவியும் குழந்தையும் அண்மையில் இறந்திருந்தனர். உயிரோடிருந்த காலத்தில் அக்குழந்தையை அவர் வேலைக்கும் உடன் அழைத்து வருவாராம். துயரத்தால் வேலை செய்ய இயலவில்லை என்று அவர் அடிக்கடி சொல்லிவந்தார் என்றும், அவர் புகைப்பதோ குடிப்பதோ இல்லை என்றும், அவருக்கு வேலை கொடுத்தவர் சான்று கூறினார். தாம் செய்தது தமக்குத் தெரியாது என்பதே தூக்குமேடை வரை அவர் கூறியது. நிகழ்ச்சி 8ஆம் நாள். விசாரணை 13ஆம் நாள். தூக்கு 15ஆம் நாள். எட்டே நாளில் எல்லாம் முடிந்தன.

தன் குழந்தையை இழந்த தந்தை, பிறிதொரு தந்தையின் கையிலிருந்த குழந்தையைக் கொன்றார். இதனை எவ்வாறு விளக்குவது? அபின் என்னும் விடை இங்கே பொருந்தவில்லை. சாட்சியே அதனை மறுக்கிறது.

மருத்துவர் கைக்கு வந்த சொல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமோக் வீரக்கதையிலிருந்து மருத்துவ ஏட்டுக்குக் குடிபெயர்ந்தது. சிங்கப்பூர் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராயிருந்த கில்மோர் எல்லிஸ் 1893இல் 'மலாய்க்காரரின் அமோக்' பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 'சாக்கிட் ஹாத்தி' என்னும் மனப்புண் அதற்கு முன் வருவதையும் அக்கட்டுரை பேசுகிறது. 1904இல் எமில் கிரெப்பலின் சாவகம் சென்று அங்குள்ள மனநோயாளரை ஆராய்ந்து, அமோக் புதிய நோயன்று, ஐரோப்பாவில் அறியப்பட்ட நோய்களின் வேற்றுருவமே என்றார். பின்னர் வந்தோருள் சிலர் மலேரியா முதலிய காய்ச்சல்களின் பிதற்றலே காரணம் என்றனர். யாப் பாவ் மெங் என்னும் மனநல மருத்துவர் இத்தகையவற்றைப் பண்பாட்டோடு பிணைந்த நோய்க்குறிகள் என வகைப்படுத்தினார். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் கழகக் கையேட்டின் நான்காம் பதிப்பு அமோக்கை அவ்வகைப் பட்டியலில் சேர்த்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்போ அப்பட்டியலையே கைவிட்டது. மாற்றாக வைத்த பட்டியலில் அமோக் இல்லை.

உளவியலார் விடைகள்

இருபதாம் நூற்றாண்டு உளவியல் இவ்வினாவை மனிதகுலம் முழுமைக்கும் உரியதாக்கியது. ஃபிராய்டு 1920இல் அழிவுக்கான உந்துதல் உயிரினுள்ளேயே உறைகிறது என்றார். 1963இல் கான்ராட் லாரன்ஸ், தாக்கும் உணர்வு உள்ளே ஊறித் தேங்கிப் பின் வெளிவருவது என்றார். அணை நிறைந்தால் உடையும் என்பது இவ்விரு கொள்கைகளும் தரும் படம். படம் எளிது, ஆனால் அணை எல்லாரிடத்தும் உண்டென்றால் எல்லாரும் உடையாதது ஏன் என்பதற்கு அதில் விடையில்லை.

1939இல் ஜான் டாலர்டும் யேல் பல்கலைக்கழகத் தோழர்களும் ஏமாற்றமே தாக்குதலைப் பிறப்பிக்கிறது என்றனர். நோக்கம் தடைப்படும்போது சினம் எழுகிறது என்பது அவர்தம் துணிபு. இரண்டே ஆண்டுகளில், 1941இல், அவர்களுள் ஒருவரான நீல் மில்லர் அதனைத் திருத்தினார்: ஏமாற்றம் பல விளைவுகளைத் தூண்டும்; தாக்குதல் அவற்றுள் ஒன்றே. பின்னாளில் லெனார்ட் பெர்க்கோவிட்ஸ், ஏமாற்றம் மட்டுமன்றி வலி, துயரம், வெப்பம் முதலிய எந்தத் துன்ப உணர்வும் சினத்துக்கு வழிகோலலாம் என்று விரித்தார். பினாங்குத் தந்தையின் நிலைக்கு இது அணுகி வருகிறது.

துயருற்றவருள் ஒருவர் அழுகிறார், ஒருவர் தொழுகிறார், ஒருவர் வாளெடுப்பது ஏன்? 1961இல் ஆல்பர்ட் பந்தூரா 72 சிறுவரைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டில் நடத்திய ஆய்வு இதற்கு ஒரு பகுதி விடை தந்தது. பொம்மையை ஒருவர் அடிப்பதைக் கண்ட சிறுவர், தனித்து விடப்பட்டபோது அதே அடியையும் அதே சொற்களையும் பின்பற்றினர். வன்முறையின் வடிவம் கற்கப்படுவது. உணர்வு எங்கும் ஒன்றாயிருக்கலாம்; அது எவ்வழியில் ஓடவேண்டும் என்பதைச் சமூகம் முன்னரே வெட்டி வைத்திருக்கிறது. பெயருள்ள வழி எளிதில் நடக்கப்படும் வழியாகிறது.

ஆளுமையும் அடக்கமும்

ஆளுமைக் கூறுகளைப் பொறுத்தவரை, முன்கோபிகளே கொடுஞ்செயல் புரிவர் என்பது பொதுவான எண்ணம். எட்வின் மெகார்கி 1966இல் வேறொரு வகையினரைச் சுட்டினார். சினத்தை ஒருபோதும் வெளிக்காட்டாத, மிகையாக அடக்கிக்கொள்ளும் மனிதருட் சிலர், பொறுத்தவற்றின் சுமை எல்லை கடக்கும்போது மிகக் கொடிய வன்செயலில் இறங்குவர் என்றார். 1998இல் புஷ்மனும் பௌமைஸ்டரும், தன்னை மிக உயர்வாக மதிப்பவன் இழிவுபடுத்தப்படும்போதே மிகுதியாகத் தாக்குகிறான் என்று ஆய்வால் காட்டினர். கென்னத் டாட்ஜ், பிறர் செயலில் பகைமை இல்லாவிடத்தும் பகைமையைக் காணும் சிறுவரே எளிதில் கைநீட்டுகின்றனர் என்று கண்டார்.

தமிழ்மரபு இவ்வினாவை அறியாததன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் வெகுளியை ஒன்றாக்கி, அது பிறக்கும் களங்களாக நான்கினைக் கூறுகிறது. உடலுறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு செய்தல், அலைத்து வருத்துதல், கொல்லுதல் என அவற்றைப் பொருள் கொள்ளலாம். நான்கும் பிறர் நமக்கு இழைக்கும் தீங்குகள். சினம் வெறுமனே ஊறுவதன்று, ஒன்றன்பொருட்டுப் பிறப்பது என்னும் தெளிவு அதில் உண்டு. மேலும், உடனே எழுந்து தணிவதைச் சினம் என்றும், நெடிது உள்ளே கிடப்பதைக் கறுவு, செற்றம் என்றும் வேறு பிரித்தது நம் மொழி. மெகார்கி கண்டது இந்த இரண்டாம் வகையே எனலாம்.

ஓர் ஆசிரியரின் கதை

1913 செப்டம்பரில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வாக்னர் என்னும் பள்ளி ஆசிரியர் தம் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் கொன்றார். பின் தாம் முன்பு பணியாற்றிய சிற்றூருக்குச் சென்று கண்டவரைச் சுட்டார். ஊரார் தம்மை இகழ்கின்றனர் என்னும் எண்ணத்தைப் பல்லாண்டு உள்ளே வளர்த்தவர் அவர். ராபர்ட் கௌப் என்னும் மருத்துவர் அவரை ஆராய்ந்து மனநோயாளர் என்றார். மரண தண்டனையிலிருந்து தப்பிய வாக்னர் 1938இல் இறக்கும் வரை மனநல மருத்துவமனையில் வாழ்ந்தார்.

பினாங்கில் எட்டு நாள். ஜெர்மனியில் இருபத்தைந்து ஆண்டு. காலமும் சட்டமும் வேறு என்பது உண்மை. ஆயினும் வேற்றுமை அதனோடு முடியவில்லை. வாக்னரின் செயலை எவரும் ஜெர்மானியர் இயல்பு என்று எழுதவில்லை. அது வாக்னர் என்னும் தனியாளின் நோயாகவே ஆராயப்பட்டது. பினாங்குத் தந்தையின் செயலோ அவருடைய இனத்தின் இயல்பாக எழுதப்பட்டது. காலனிய எழுத்தில் 'அமோக்' ஒரு மக்களின் குருதியில் ஓடும் குணமாயிற்று. பெயர் சூட்டியதே விளக்கம் எனக் கருதப்பட்டது. ஒருவனைக் கேட்கவேண்டிய வினாக்களைக் கேளாமல் விடுவதற்கு ஒரு சொல் போதுமானதாயிருந்தது. இன்று ஜெர்மானியரே பள்ளிகளில் நிகழும் கொலைகளுக்கு 'அமோக்லாஃப்' என்று வழங்குகின்றனர். எந்த இனத்துக்கும் உரியதன்று என்பதைச் சொல்லின் பயணமே மெய்ப்பித்துவிட்டது. 1986இல் செவில் நகரில் கூடிய அறிவியலார், போரும் வன்முறையும் மனித இயல்பில் தவிர்க்கவியலாதபடி விதிக்கப்பட்டன என்பது அறிவியலுக்கு ஒவ்வாதது என்று அறிவித்தனர்; 1989இல் யுனெஸ்கோ அதனை ஏற்றது.

விளக்குவது மன்னிப்பதாகாது. மூன்று வயதுக் குழந்தையை ஏந்தியிருந்த தந்தைக்கு நம் விளக்கங்கள் எவையும் ஈடாகா. ஆனால் விளக்காமல் விடுவது அடுத்த குழந்தையைக் காப்பாற்றாது.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். வகுப்பில் மேசையைத் தட்டிக் கத்தும் மாணவனை நாம் உடனே கவனிக்கிறோம். ஒருநாளும் குரல் உயர்த்தாமல், எல்லாரும் நகைக்கும்போது தானும் தலைகுனிந்து நகைத்துவிட்டு அமர்பவனை நல்ல பிள்ளை என்று குறித்துக்கொள்கிறோம். அவருள் பெரும்பாலோர் நல்ல பிள்ளைகளே. அமைதியை ஐயுறுதல் தகாது. எனினும் அவரிடம் நலம் வினவுவதால் நமக்கு இழப்பொன்றும் இல்லை. பினாங்கில் அந்தத் தந்தை தம் துயரை மறைக்கவில்லை. அடிக்கடி சொன்னார், கேட்டவரும் இருந்தனர். கேட்டதற்கு மேல் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நாம் அதனை அறிந்துகொள்ளும் காலத்தில் வாழ்கிறோம்.