புத்தி, சித்தம், புண்ணியம்: சென்னைக் கத்தோலிக்கக் கல்வியில் குண உருவாக்கம்

பிள்ளையின் புத்தியைத் தெளிவிப்பது, சித்தத்தை நல்லதில் நிலைநிறுத்துவது, புண்ணியங்களைப் பழக்கமாக்குவது ஆகிய மூன்றையும் ஒரே வேலையாகப் பார்ப்பது கத்தோலிக்கக் கல்வி மரபு. சென்னையில் இம்மரபு ஆழ வேரூன்றிய இடம் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம். 1606-இல் உருவான மயிலாப்பூர் மறைமாவட்டம் 1952-இல் சென்னை உயர்மறைமாவட்டத்துடன் இணைந்து சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் ஆயிற்று. சாந்தோமின் புனித பீட் பள்ளி (1907), தியாகராய நகரின் ஹோலி ஏஞ்சல்ஸ், அடையாறின் புனித பேட்ரிக் பள்ளி, நுங்கம்பாக்கத்தின் லயோலா கல்லூரி (1925) ஆகியவை இம்மரபில் வந்தவை. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 அன்றே சாந்தோமில் 32 மாணவியருடன் தொடங்கியது.

இங்கே சொற்களைக் கவனிக்க வேண்டும். பொதுவழக்கில் புண்ணியம் என்றால் நற்செயலால் சேரும் பலன். ஞானோபதேச (மறைக்கல்வி) நூல்களிலோ அது மனிதனுக்குள் ஊறிப்போன நற்குணம். சித்தம் என்பது நல்லதைத் தேர்ந்து அதில் நிலைக்கும் ஆற்றல். இன்றைய செபங்களில் கடவுளின் சித்தம் 'திருவுளம்' ஆகிவிட்டது. பழைய தலைமுறைப் பிள்ளைகள் ஏழு தலையான பாவங்களையும் அவற்றுக்கு எதிரான ஏழு புண்ணியங்களையும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். எடுத்துக்காட்டாக, அகங்காரத்துக்கு எதிர் தாழ்ச்சி, கஞ்சத்தனத்துக்கு உதாரகுணம், காய்மகாரம் எனும் பொறாமைக்குப் பிறர்சிநேகம், சோம்பலுக்குச் சுறுசுறுப்பு, போசனப்பிரியத்துக்கு மட்டசனம். மட்டசனம் என்றால் அளவோடு உண்பது. எத்தனை அழகான சொல்! இன்று அதன் பொருள் தெரிந்தவர்கள் குறைவு.

புண்ணியங்களைப் பழக்கமாக்கும் இம்மரபுக்குத் தத்துவ அடிப்படை தந்தவர் 13-ஆம் நூற்றாண்டின் புனித தாமஸ் அக்குவினாஸ். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அவர் சொன்னதன் சாரம் இது: நல்லது எது என்று தெரிந்துவிட்டால் மட்டும் ஒருவன் நல்லவனாகிவிடுவதில்லை; திரும்பத் திரும்பச் செய்துதான் நற்குணம் கைவரும். சித்திரமும் கைப்பழக்கம் என்று வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதல்ல.

லயோலாவை நடத்தும் சேசு சபையின் வழி, ஆன்ம சோதனை. இன்று என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்று அன்றாடம் சற்று நேரம் தனக்குள் பார்க்கும்படி சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்தார். தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எந்த மதத்துப் பிள்ளைக்கும் உதவும்.

டொன் போஸ்கோவின் சலேசிய சபையார் மயிலாப்பூர் ஆயரின் அழைப்பில் 1906-இல் தஞ்சாவூர் வந்தார்கள். சென்னை-மயிலையின் முதல் பேராயர் லூயி மத்தியாஸும் சலேசியரே. தண்டித்துத் திருத்துவதைவிடத் தவறு நேருமுன் உடனிருந்து காப்பதே மேல் என்று டொன் போஸ்கோ 1877-இல் எழுதினார். பகுத்தறிவு, சமயம், அன்பு என்ற மூன்றே அவர் முறை. ஆசிரியர் மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்க வேண்டும். விடுதியில் இரவுச் செபம் முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் பேச்சு. அன்று நடந்த ஏதோ ஒன்றை எடுத்து, ஒரே கருத்தைச் சொல்லித் தூங்க அனுப்புவது. பகல் பள்ளிகளில் இது காலை வணக்கக் கூட்டத்துக்கு மாறியது. ஆனாலும் நம் ஊர்ப் பள்ளிகளில் பிரம்பு நெடுங்காலம் ஓயவில்லை, கத்தோலிக்கப் பள்ளிகளும் விலக்கல்ல. அடிப்பதைத் தடை செய்யச் சட்டம் வர வேண்டியிருந்தது வருத்தத்துக்குரியது.

இப்பள்ளிகளில் பிற சமயப் பிள்ளைகள் ஏராளம். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், ஒப்புதலின்றி எவரையும் சமய போதனையில் பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. ஆகவே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு மாரல் சயின்ஸ் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. பொதுத்தேர்வு நெருங்கினால் பல இடங்களில் அந்த பீரியடைக் கணக்கு வாங்கிக்கொள்கிறது. இது சின்ன இழப்பு அல்ல. புத்திக்கு ஆறு பீரியட் கொடுத்துவிட்டு சித்தத்துக்கு இருந்த ஒன்றையும் பறிப்பதை இம்மரபு ஏற்காது.

கற்பிப்பவரின் நடத்தையே முதல் பாடம் என்ற எண்ணமும் தமிழில் பழையது. சேசு சபைத் துறவி வீரமாமுனிவர் (1680–1747) மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசிமார்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை எழுதினார். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட அவர் சிலை மெரினாவில் நிற்கிறது. சாந்தோமிலிருந்து கடற்கரை வழியே நடந்தே போய்ப் பார்க்கலாம்.