வட ஆற்காட்டுப் பறையிசை

வட ஆற்காட்டுப் பறையிசை என்பது தமிழ்நாட்டின் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, அரக்கோணம் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஆதிதிராவிடர் மக்கள் இசைத்துவரும் தோற்கருவி இசையாகும். சாதிக் கட்டாயத்தின் சின்னமாகிய இக்கருவியைக் கைவிட வேண்டும் என்ற கருத்தும், தொன்மையான கலையாகிய இதனை மீட்டெடுக்க வேண்டும் என்ற கருத்தும் அம்மக்களிடையே ஒருங்கே நிலவுகின்றன.

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது அதன் வடபகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர் மாறிய அது, 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன.

பெயரும் பழமையும்

பறை என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்ற பொருளும் உண்டு. மலையாளத்தில் இவ்வினை இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைக் கூறுகின்றது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைக் குறிப்பிடுகின்றது. அங்கு அப்பெயர் இழிவுப் பொருளில் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இதே பெயர் பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் நிலைத்துவிட்டது.

வட மாவட்டங்களில் ஆதிதிராவிடரின் மேளக் குழு பெரிய மேளம் என்றும் அழைக்கப்படுகின்றது. தஞ்சைப் பகுதியில் இதே பெயர் நாதசுவரம், தவில் கொண்ட குழுவைக் குறிக்கும். இவ்விரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

கருவி

பறை ஏறக்குறைய 35 செ.மீ. விட்டமுடைய வட்டச் சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் போர்த்தப்பட்ட கருவியாகும். வேப்ப மரத்தால் செய்த மூன்று துண்டுகளை இரும்புத் தகடுகளால் இணைத்துச் சட்டத்தை அமைப்பர். மாட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி உலர்த்துவர். ஒரு கையில் தடித்த குட்டையான அடிக்குச்சியும், மறு கையில் மெல்லிய நீண்ட மூங்கிற் குச்சியும் கொண்டு அடிப்பர். அடிப்பதற்கு முன்னர் வைக்கோல் தீயில் காய்ச்சினால் தோலின் ஈரம் நீங்கி, இறுகி, ஒலி கணீரென்று எழும். மழைக்காலத்தில் இடையிடையே காய்ச்ச வேண்டியிருக்கும்.

தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற பகுதியாயினும், இங்குள்ள தொழிற்சாலைகளில் பதனிடப்படும் தோல் பறைக்கு உதவாது. ஆவாரம் பட்டையாலோ குரோமியம் உப்பாலோ பதனிட்ட தோல் மென்மையும் நெகிழ்வும் பெறும். காலணிக்கு வேண்டிய பண்பு அதுவே. பறைக்கோ விறைத்து நிற்கும் பச்சைத்தோல் வேண்டும். அண்மைக் காலத்தில் செயற்கை இழைத் தோல் பொருத்திய பறைகளும் பரவியுள்ளன. இவற்றைக் காய்ச்ச வேண்டியதில்லை. ஆனால் ஒலி வேறுபடும்.

ஊழியமும் மறுப்பும்

ஊர்த் திருவிழா, அறிவிப்பு, சாவு ஆகியவற்றுக்குப் பறையடிப்பது சேரி மக்களின் ஊர்க் கடமையாக வைக்கப்பட்டிருந்தது. இறந்த மாட்டை அகற்றுதல், சுடுகாட்டு வேலை முதலியனவும் இதனுடன் சேர்ந்தே வந்தன. கூலி என்று பேசி முடிவு செய்வதில்லை. அறுவடைக் களத்தில் தானியமாக ஒரு பங்கு கிடைக்கும். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சு நகரில் கறுப்பின மக்களின் இறுதி ஊர்வல இசை ஜாஸ் இசையின் வளர்ச்சியோடு பிணைந்தது. பறையிசையையும் அதனோடு ஒப்பிடலாம். எனினும் ஒரு வேறுபாடு அடிப்படையானது. அவர்கள் தம்முள் இறந்தோரைத் தாமே சங்கம் அமைத்து இசையோடு வழியனுப்பினர். இங்கோ, தமக்குள் வராத ஊராரின் பிணத்துக்கு முன்னும் அடித்தே ஆக வேண்டியிருந்தது.

இக்கட்டாயம் தளர்வதற்கு வேறு பிழைப்பு தேவைப்பட்டது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பலர் கோலார் தங்கவயலுக்கும் சென்னைக்கும் வேலைக்குச் சென்றனர். உள்ளூரில் தோல் தொழிற்சாலைகள் கூலி வேலை தந்தன. அவ்வேலை உடல்நலத்துக்குத் தீங்கானது. அக்கழிவு பாலாற்றைக் கெடுத்தமை குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கியது. எனினும் நிலவுடைமையாளரின் களத்தை நம்பியிராத குடும்பத்தால் பறையடிக்க மாட்டோம் என்று சொல்ல முடிந்தது.

1942இல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பும், 1957இல் அதன் வழிவந்த இந்தியக் குடியரசுக் கட்சியும் சேரிகளில் சுயமரியாதை உணர்வை வளர்த்தன. இரண்டுக்கும் முதல் தலைவராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த ந. சிவராஜ். அண்டைத் தென் ஆற்காட்டில் இல. இளையபெருமாள் பறையடிக்கும் ஊழியத்தை எதிர்த்து இயக்கம் நடத்தினார். தீண்டாமை அடிப்படையில் இறந்த விலங்கை அகற்றுமாறோ தோலுரிக்குமாறோ கட்டாயப்படுத்துவது 1976ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் குற்றமாயிற்று. பறையடித்தல் அதில் பெயர் சுட்டிச் சொல்லப்படவில்லை. அவை போன்ற பிற வேலைகள் என்ற பொதுச்சொல் மட்டுமே உள்ளது.

மறுப்புக்கு ஒரு விலையும் இருந்தது. அடிப்பதை நிறுத்திய வீட்டில் பிள்ளைகளுக்கு அடவும் அடியும் கற்பிக்கப்படவில்லை. இதனை இழப்பு என்று வெளியார் கூறுவது எளிது. அவ்வீட்டார் அதனை விடுதலை என்றே கண்டனர்.

மீட்பு

1990களில் தலித் இயக்கங்கள் பறையை எதிர்ப்பின் கருவியாக மேடையேற்றின. மதுரை இறையியல் கல்லூரிப் பேராசிரியர் ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டார் இசையைக் கிறித்தவ வழிபாட்டில் புகுத்தினார். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு, வழக்கமாக ஆண்கள் மட்டுமே அடித்த பறையைத் தலித் இளம்பெண்களின் கையில் கொடுத்தது. மதுரைப் பகுதியைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

சென்னையும் அரக்கோணமும்

சென்னையின் உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் சாவு வீட்டுப் பாடலாகக் கானா வளர்ந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் 2017இல் உருவாக்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானா, பறை, ராக், ராப் ஆகியவற்றை ஒரே மேடையில் இணைத்தது. இதன் முதல் நிகழ்ச்சி 2018 சனவரியில் சென்னையில் நடைபெற்றது. குழுவின் பாடகர்களுள் ஒருவரான அறிவு, அரக்கோணத்தைச் சேர்ந்தவர். 2019இல் தெருக்குரல் என்னும் தொகுப்பை வெளியிட்டார். 2021இல் தீயுடன் அவர் பாடிய எஞ்சாயி எஞ்சாமி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியின் நினைவுகளிலிருந்து எழுந்தது. அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அப்பாடலைப் பற்றிய பெருமை பேசப்பட்டபோது அறிவின் படம் இடம்பெறாதது கண்டனத்துக்குள்ளாகி, பின்னர் அவ்விதழ் அவரையும் அட்டையில் வெளியிட்டது.

சிற்றூர்களில் நிலைமை ஒரே சீராக இல்லை. கூலி பேசிப் பிற ஊர்களுக்குச் செல்லும் குழுக்கள் உள்ளன. தம் தெருச் சாவுக்கு மட்டும் அடிப்போரும், எதற்கும் அடிப்பதில்லை என்று உறுதியாக இருப்போரும் உள்ளனர்.