வன்னிக் குளங்களும் சுண்டிக்குளத்துப் பறவைகளும்

வன்னி நிலத்தில் ஆறுகள் உண்டு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, நெத்தலியாறு, பறங்கியாறு எனப் பெயர் பெற்றவை யாவும் ஐப்பசியில் மாரி தொடங்கியபின் பெருகி, மாசியில் மெலிந்து, சோளகம் வீசும் மாதங்களில் வெறும் மணற்றடங்களாய்க் கிடப்பவை. ஆண்டு மழையின் பெரும்பகுதி மூன்று நான்கு மாதங்களுக்குள் பெய்து தீர்ந்துவிடுகின்றது. அதனைப் பிடித்து வைத்த ஊர் பிழைத்தது; விட்ட ஊர் காடாயிற்று. வன்னியின் சரித்திரத்தை வன்னியர் தலைவர்களின் பெயர்களைக் கொண்டு எழுதுவது வழக்கம். குளங்களைக் கொண்டு எழுதினால் அஃது இன்னும் உண்மையாக அமையும் என்பது எமது எண்ணம்.

ஊர்ப்பெயர்களே இதற்குச் சாட்சி. செட்டிகுளம், பாவற்குளம், பாண்டியன்குளம், கனகராயன்குளம், கல்மடு, நெடுங்கேணி என நீரைச் சொல்லாத ஊரைத் தேடித்தான் காணவேண்டும். மேட்டுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்நீர் வீணே போவதில்லை. கீழேயுள்ள குளத்திற் சேரும். வயலிற் கழிந்த நீரும் அவ்வாறே அடுத்த குளத்தை அடையும். ஒரே மழைநீர் கடலை அடையுமுன் பல ஊர்களுக்கு உழைத்தது. குளக்கட்டுக்கு மேலேயுள்ள காடு மண் கரைந்து வாராமற் காத்தது. நீர் பங்கிடும் பொறுப்பு வட்டவிதானையாருடையது. நீர் குறைந்த ஆண்டிற் சிறுபோகத்துக்கு வயல் முழுவதையும் விதைப்பதில்லை. குளத்தில் நிற்கும் நீர் எத்தனை ஏக்கருக்குத் தாங்கும் என்று கூடிப் பேசி, அந்த அளவு நிலத்தையே எல்லோரும் பங்கிட்டுச் செய்வர். வறட்சியைச் சட்டத்தினாலன்றிக் கூட்டத்தினால் வென்ற முறை இது. இதனை எமக்குப் பள்ளிப் பூமிசாஸ்திரத்தில் எவரும் சொல்லித் தரவில்லை. நைல் நதியின் வெள்ளத்தைப் பற்றி மட்டும் நன்றாகப் படித்தோம்!

1803இல் பண்டாரவன்னியன் தோல்வியுற்றபின் வன்னி முழுதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால் குளக்கட்டை ஆண்டுதோறும் திருத்திவந்த ஊர்வேலையையும் அது தளர்த்திவிட்டது. கட்டு உடைந்தது; காடு ஏறியது. தவற்றை உணர்ந்த அரசு, ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், பழைய நீர்ப்பாசன வழமைகளை மீண்டும் நடைமுறைப்படுத்தச் சட்டம் இயற்றியது. எனினும் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் என்னும் அதிகாரி எழுதிய பெருநூலைப் புரட்டினால், சனத்தொகை அருகி, காய்ச்சலும் காடும் மலிந்த நாடொன்றையே காண்கிறோம். வட்டவிதானைப் பதவியும் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு நீங்கியது. பெயர் மட்டும் மக்கள் வாயில் நிலைத்திருக்கின்றது.

இரணைமடுவின் கதை வேறு. இரணை என்றால் இரட்டை. கனகராயன் ஆற்றின் வழியில் இயற்கையாய் அமைந்த இரு மடுக்களை ஒன்றாக்கி எழுந்ததே இக்குளம். 1902இல் தொடங்கிய வேலை 1920 அளவில் முடிந்தது. பின்னர் கட்டுப் பலமுறை உயர்த்தப்பட்டது. இன்று நீர்மட்டம் 36 அடி.  கிளிநொச்சியின் வயல்களும் குடியேற்றங்களும் இக்குளத்தை நம்பியே எழுந்தன.

குளத்தைக் கடந்த ஆறு வடக்கே சுண்டிக்குளக் கடனீரேரியில் விழுகின்றது. மாரியில் ஆற்றுநீர் கலந்து ஏரியின் உப்பு இறங்கும். கோடையில் வற்றி உப்பு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்திலேதான் இறாலும் சிறு நீருயிர்களும் பெருகுகின்றன. அவற்றை நம்பியே பூநாரை, கூழைக்கடா, வர்ண நாரை, தாரா முதலியன வந்து கூடுகின்றன. மத்திய ஆசியாவின் குளிருக்கு அஞ்சி வருவனவும் அவற்றுட் பல. 1938இல் இவ்விடம் பறவைகள் சரணாலயமாயிற்று. கொக்கிளாய் 1951இல் ஆயிற்று. சுண்டிக்குளம் 2015இல் ஏறத்தாழ 19,500 ஹெக்டேயர் கொண்ட தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. போரினால் இடம்பெயர்ந்து மீண்ட மக்களோ, தம் காணியும் தொழில்துறையும் எல்லைக்குள் அகப்பட்டன என்று முறையிட்டனர். அந்த முறையீட்டைப் பறவைக்கு எதிரான பேச்சாகக் கொள்வது பிழை. வலை வீசுவோனை வெளியே நிறுத்திவிட்டு ஏரியைக் காக்க முயலும் காவல் நெடுநாள் நில்லாது.

யாழ்ப்பாணத்துத் தாகமும் இதிற் கலந்தது. ஆறில்லாத குடாநாட்டுக்கு ஆறு தரவேண்டும் என்று 1950களில் பொறியியலாளர் ச. ஆறுமுகம் ஒரு திட்டம் வகுத்தார். ஆனையிறவுக் கடனீரேரியின் இருபுறமும் அடைத்து, வன்னி ஆறுகளின் நீரால் அதனை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்குக் கொண்டுசெல்வது அதன் கருத்து. வேலை பாதியில் நின்றது. பெரும் மனமுடைய திட்டமே, ஐயமில்லை. ஆயினும் உவர்நீரை நம்பிய இறாலும் பூநாரையும் என்னாகும் என்னும் கேள்வியை இன்று கேளாமல் அதனை மீண்டும் தொடங்கலாகாது. 2010க்குப் பின் இரணைமடு நீரையே குழாய் வழியே குடாநாட்டுக்கு எடுக்க முற்பட்டபோது, சிறுபோகம் அழியும் என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். ஈற்றில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து, 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரவல்லது அது. சகோதரர் இருவர் ஒரு கிணற்றுக்கு அடிபடாமல் தப்பினர் என்றே நாம் மகிழ்கிறோம்.

2016, 2017ஆம் ஆண்டுகளில் நாட்டைப் பீடித்த வறட்சி நாற்பது ஆண்டுகளிற் காணாதது என்றனர். அதற்கடுத்த 2018 டிசெம்பரிலோ இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் அமிழ்ந்தன. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் மருந்து ஒன்றே: மேற்புறத்துச் சிறு குளங்கள். அவை தூர்ந்து, அலைகரைகள் வேலியடைக்கப்பட்டு, ஆற்றுமணல் இரவோடிரவாய் ஏற்றப்படும்போது பெருங்குளம் ஒன்று என்ன செய்யும்?

எந்தக் குளத்தின் நீர் எந்த வழியாய் எந்தக் குளத்துக்கு இறங்கியது, அலைகரை எந்த மருதமரம் வரை இருந்தது என்பதை அறிந்த பெரியோர் இன்னும் எம் ஊர்களில் இருக்கின்றனர். எமது சங்கத்து இளைஞர்கள் வரும் சித்திரைக்கு முன், குளங்கள் வற்றிக் கட்டும் எல்லையும் தெளிவாய்த் தெரியும் நாட்களில், அப்பெரியோர்களுடன் நடந்து சென்று அவ்வெல்லைகளை எழுதிவைக்க வேண்டுமென விரும்புகிறோம். ஊருக்கு இருவர் வந்தாற் போதும்.