ஒரே முகில், இரண்டு கணக்கு

மாரிக்கால முகிலொன்று வங்கக் கடலிலிருந்து கல்முனையில் கரையேறி, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து, நாவிதன்வெளி வயல்களுக்கு மேலாக இங்கினியாகலைப் பக்கம் போகிறது. வழியில் சவளக்கடையிலோ அன்னமலையிலோ கூரையில் சோலார் பூட்டிய வீட்டுக்கு அது நட்டம். மேற்கே சேனநாயக்க சமுத்திரம் என்ற குளத்துக்கு அதே முகில் வரவு. இரண்டும் மின்சாரக் கணக்குத்தான். இரண்டையும் செய்மதிகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் குளத்தைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதும் ஒரே வேலை இல்லை.

முதலில் குளம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தலைக்குளம் இது. ஏறத்தாழ 95 கோடிக் கன மீற்றர் நீரைத் தாங்கும். அணையடியில் 1963இலிருந்து இயங்கும் மின்நிலையம் 11.25 மெகாவாட் மட்டுமே. மகாவலி நிலையங்களோடு வைத்துப் பார்த்தால் சின்னப்பிள்ளை.

நீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். பக்கத்திலுள்ள காடும் வயலும் அதைத் திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டை வைத்து, சென்டினல்-2 போன்ற செய்மதிப் படத்தில் நீர்ப்பரப்பின் எல்லையைப் பத்து மீற்றர் துல்லியத்தில் வரைந்துவிடலாம். வரைவதற்கு வானம் வெளித்திருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல்: குளம் நிரம்புவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, முகில் விலகாத மாதங்களில். பார்க்க வேண்டிய நேரத்தில் அந்தக் கண் மூடிக்கொள்கிறது. அதற்கு மாற்றாக வந்தது சென்டினல்-1இன் ராடர். 2014இல் ஏவப்பட்ட இதன் நுண்ணலை முகிலை ஊடுருவும். அமைதியான நீர் அந்த அலையை எதிர்ப்பக்கமாகத் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். வாடைக்காற்றில் நீர் அலையெழுப்பினால் கறுப்பு வெளுத்துக் கரை குழம்பும். ஒரு செய்மதி அதே பாதைக்குத் திரும்பப் பன்னிரண்டு நாள் ஆகும். இவ்வளவு பெரிய குளத்துக்கு அது பொறுக்கக்கூடிய இடைவெளிதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அணைக்கட்டில் நீர்மட்டக் கோல் நிற்கிறது. நீர்ப்பாசனத் திணைக்களத்து ஊழியர் அதை வாசித்து எழுதினால், விண்ணிலிருந்து வரும் எந்தப் படத்தையும்விட அந்த எண் நம்பத்தக்கது. பரப்பைக் கொள்ளளவாக மாற்றவும் குளத்தின் அடித்தள அளவை தேவை. செய்மதிக்கு அடித்தளம் தெரியாது. குளத்தைப் பொறுத்தவரை செய்மதி இரண்டாவது சாட்சி. அதன் உண்மையான உதவி குளத்துக்கு வெளியே இருக்கிறது: மேல்நீரேந்து பகுதியில் பெய்யும் மழையை அரை மணிக்கு ஒருமுறை மதிப்பிடுவது, கீழே எத்தனை வட்டையில் நெல் விதைத்திருக்கிறது என்று காட்டுவது. இரண்டாவது மின்சாரத்துக்கு மிக நெருக்கமானது. வயலுக்குத் திறக்கும் நீரே இங்கே டர்பைனைச் சுழற்றுகிறது. பெரும்போக மழையில் வயல் தானாக நனையும்போது திறக்கத் தேவை குறைவு. சிறுபோகத்தில் கச்சான் வீசி வயல் காயும்போதுதான் வாய்க்கால் ஓடுகிறது. மழைக்காலத்தில் குளமும் வெயில்காலத்தில் சூரியனுமாக மாறிமாறிக் கைகொடுக்கும் என்ற எண்ணம் அழகானது. இந்த ஊருக்கு அது பொருந்தாது. இங்கே இரண்டும் வெயிலில்தான் உழைக்கின்றன.

இனிக் கூரை. இதைக் கவனிப்பவை வேறு வகைச் செய்மதிகள். 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பவை. கூரையில் விழும் வெயிலை அவை அளப்பதில்லை. முகிலிலிருந்து மேலே தெறிக்கும் வெண்மையை அளக்கின்றன. வெளித்த நாளில் படத்தின் ஒரு சதுரம் எவ்வளவு கருமை என்பது தெரியும். இன்று அது எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அவ்வளவு முகில். அந்த அளவு வெயிலைக் கழிக்க வேண்டும். கணக்கு எளிது, இடம் எளிதில்லை. கல்முனைக் கடற்கரைச் சதுரத்தில் பாதி இருண்ட கடல், பாதி வெளேர் மணல். கடற்காற்று புகுந்த நண்பகலில் கரை வெளித்திருக்க, பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கும் நாவிதன்வெளிக்கு மேலே முகில்வரிசை கட்டும். பார்க்கும் கோணமும் கணக்கில் சேரும். ஜப்பானின் ஹிமாவரி பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தந்தாலும் கிழக்கே 140 பாகைக்கு அப்பாலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் முகில் இடம்பெயர்ந்து தெரியும். 2024 பெப்ரவரியில் இந்தியா ஏவிய இன்சாட்-3டிஎஸ் நிற்பதோ 82 பாகையில். கல்முனையின் நெடுங்கோடும் கிட்டத்தட்ட அதுவே. எங்கள் தலைக்கு மேலே என்றே சொல்லலாம்.

ஆண்டுச் சராசரிக்கு இந்த முறை போதும். உலக வங்கியின் உலகச் சூரிய வரைபடத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்: இந்தக் கரையில் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஐந்து அலகுக்கு மேல். பெனல் பூட்டலாமா என்ற கேள்விக்கு அது விடை. சிதறல் முகில் நாளில் அடுத்த கால் மணிநேரம் எவ்வளவு மின்சாரம் வரும் என்பது வேறு கேள்வி. பிழை பெருத்துப்போவது அங்கேதான்.

நாட்டைத் தொல்லைப்படுத்தியது இந்த இரண்டாவது கேள்வி. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நண்பகலுக்குச் சற்று முன் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்றால் நேர்ந்த கோளாறில் தீவு முழுவதும் மின்சாரம் போனது. குரங்குப் பகிடிகளுக்கு நடுவே மின்சார சபை சொன்ன காரணம் அமுங்கிப்போனது: விடுமுறைநாளில் தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், அதிர்ச்சியைத் தாங்கும் சுழல் இயந்திரங்களின் பங்கு குறைவு. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்ததும், பிற்பகல் மூன்று மணி வரை கூரைச் சோலாரை நிறுத்திவையுங்கள் என்று சபை மக்களிடம் கேட்டுக்கொண்டது. ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் கூரைகளில் இருக்க, எந்தக் கூரை அந்த நொடியில் என்ன தருகிறது என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது. வீட்டுக்காரரின் கைபேசிச் செயலிக்குத் தெரியும்!

குளத்துக்குக் கோல் இருக்கிறது. கூரைக் கூட்டத்துக்கு அப்படியொன்று இல்லை. ஆகவே பலவீனமான அளவீடாக இருந்தும் கூரைக்குத்தான் செய்மதி அதிகம் தேவை. துல்லியம் கூடிய இடத்தில் அது உபரி, துல்லியம் குறைந்த இடத்தில் அதுவே ஒரே கண். இந்தியாவில் சென்னையிலுள்ள தேசிய காற்றுச்சக்தி நிறுவனம் 2011இலிருந்து நாடெங்கும் தரைக் கதிர்வீச்சு நிலையங்களை அமைத்து, செய்மதி மதிப்பீட்டை அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்தியது. இங்கேயும் கதிர்வீச்சுமானி ஒன்றை மட்டும் வைத்துப் பயனில்லை; ஒன்று கல்முனைக் கரையிலும் மற்றொன்று உள்நாட்டுப் பக்கம் மத்தியமுகாமிலும் வேண்டும், கடற்காற்று கட்டும் முகில்வரிசை எந்தப் பக்கம் விழுகிறது என்று பிடிக்க. ஒரு மாரியும் ஒரு கச்சானும் முழுதாக அளந்தால், இன்சாட் படத்தை இந்தக் கரைக்கு எவ்வளவு திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.